கல்முனையில் பசித்தவருக்கு ஒரு கணக்கு

கொழும்பில் தொடங்கும் ஏ4 நெடுஞ்சாலை இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகத் தீவைக் குறுக்கே கடந்து பொத்துவிலில் கடலோரத்துக்கு வருகிறது. அங்கே வடக்கே திரும்பி அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு மட்டக்களப்புக்குப் போகிறது. ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். வெளியூர்க்காரர் கண்ணுக்கு எல்லாம் ஒரே நீண்ட கடைத்தெரு.

அந்தக் கடைத்தெருவில் பகல் ஒரு மணிக்கு ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்க வந்திருக்கலாம். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருக்கலாம். மருதமுனையில் கைத்தறிச் சாரம் வாங்க வந்திருக்கலாம். எதற்கு வந்தாலும் பசி பொது. எதிரே வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். ஒன்றில் புரியாணி, ஒன்றில் சோறும் மீன் கறியும், ஒன்றில் பராட்டாவும் மாட்டிறைச்சியும். எதையும் அவர் முன்பு ருசித்ததில்லை. எங்கே நுழைவது?

கேட்டால் சின்னக் கேள்விதான். ஆனால் நோபல் பரிசு பெற்ற மூன்று பேர் இதில் மினக்கெட்டிருக்கிறார்கள். பொருளியலாளர் அபிஜித் பானர்ஜி இதை வைத்துக் கூட்டம் எப்படிச் சேர்கிறது என்று விளக்கினார். இன்னொரு பொருளியலாளர் கேரி பெக்கர் இதை வைத்து விலை பற்றி எழுதினார். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் ஒரு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே இதற்குச் சூத்திரம் கண்டார். கொல்கத்தாவின் இயற்பியலாளர்கள் சிலர் இதே கேள்விக்குத் தங்கள் ஊர் ஹோட்டல்களின் பெயரையே வைத்துவிட்டார்கள். எல்லாருடைய கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் புதிய ஊரில் சாப்பிடுபவருக்கு இரண்டே வழிகள்தான் தெரிகின்றன. பிறருடைய நாக்கு அறிந்ததைக் கடன் வாங்கலாம். அல்லது சொந்த நாக்கைச் செலவழித்துத் தெரிந்துகொள்ளலாம். எதை எப்போது செய்வது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இரும்புத் தட்டின் சாட்சியம்

மஃரிப் தொழுகைக்குப் பிறகு இந்தக் கரையோர ஊர்களின் பிரதான வீதிகளில் ஒரு சத்தம் எழும். சூடான இரும்புத் தட்டின் மேல் இரண்டு தகடுகள் மாறி மாறி விழும் ஓசை. ரொட்டியும் முட்டையும் லீக்ஸும் வெங்காயமும் இறைச்சிக் கறியும் அதற்கடியில் கொத்துப்படுகின்றன. கொத்து ரொட்டி பிறந்ததே கிழக்கில்தான் என்று பரவலாகச் சொல்வார்கள். பிறந்த இடம் எதுவானாலும், உலகில் தன் வரவைத் தானே பறையறைந்து சொல்லும் உணவுகள் அதிகமில்லை.

அந்தச் சத்தம் வெறும் ஆரவாரம்தானா? விலங்குகளின் நடத்தையை ஆராய்பவர்கள் இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தின் ரம் தீவில் வாழும் செம்மான்களில், இணைசேரும் பருவத்தில் ஆண் மான்கள் ஒன்றை ஒன்று பார்த்து மணிக்கணக்கில் கர்ஜிக்கும். முட்டி மோதாமலே, எதிரியின் கர்ஜனையைக் கேட்டுச் சில மான்கள் விலகிப் போய்விடும். டிம் கிளட்டன்-புரொக், ஸ்டீவ் அல்பன் என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் இதை நேர்மையான விளம்பரம் என்று விளக்கினார்கள். இடைவிடாமல் கர்ஜிப்பதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். தெம்பில்லாத மானால் அதை நடிக்க முடியாது. நடிக்க முடியாததாலேயே அந்த ஒலியை நம்பலாம்.

கடைப் பலகையை யாரும் எழுதலாம். ‘சுத்தம் சுவை தரம்’ என்று எழுதுவதற்குப் பெயின்டர் கூலி மட்டும் போதும். கொத்துச் சத்தம் தொடர்ந்து வரவேண்டுமானால் யாரோ தொடர்ந்து ஓர்டர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். வெறும் தட்டில் தாளம் போட்டு ஆள் கூப்பிடும் கொத்துக்காரரும் உண்டுதான். ஆனால் காதைத் தீட்டினால் வித்தியாசம் பிடிபடும். வெறும் இரும்பில் விழும் தகடு கணீரென்று ஒலிக்கும். நடுவே ரொட்டியும் கறியும் இருந்தால் அவை அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும், ஓசை மந்தமாகும்.

ஆக, தெருவில் நின்றபடியே நமக்கு இரண்டு விடயம் தெரிந்துவிடுகிறது. இங்கே உணவு இப்போது சூடாகிறது. இங்கே ஆள் வருகிறார்கள். ருசியைப் பற்றி மட்டும் சத்தம் எதுவும் சொல்லவில்லை. அதை உள்ளே உட்கார்ந்திருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கூட்டத்தின் வாக்கு எத்தனை பெறும்?

கூட்டம் உள்ள கடையில் சாப்பிடு என்பது பயணிகளின் பொது விதி. நியாயமான விதிதான். உள்ளே இருக்கும் ஐம்பது பேருக்கும் ஏதோ தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இந்த நம்பிக்கையைத்தான் பானர்ஜி 1992இல் ஒரு கட்டுரையில் ஆட்டம் காண வைத்தார். அடுத்தடுத்து இரண்டு கடைகள் இருக்கின்றன. முதற்கடை நன்றாக இருக்கும் என்பதற்கு 51, இரண்டாவதற்கு 49 என்று மயிரிழை வித்தியாசத்தில் ஊரில் ஒரு பொது அபிப்பிராயம். நூறு பேர் ஒருவர் பின் ஒருவராகச் சாப்பிட வருகிறார்கள். அவர்களில் 99 பேருக்கு இரண்டாவது கடைதான் நல்லது என்று தனித்தனியே தகவல் கிடைத்திருக்கிறது. ஒரே ஒருவருக்கு மட்டும் முதற்கடை நல்லது என்று தகவல். கெட்ட காலம், அந்த ஒருவர் முதலில் வந்துவிடுகிறார். முதற்கடைக்குள் நுழைகிறார்.

அடுத்து வருபவர் யோசிக்கிறார். என் தகவல் அந்தக் கடையைச் சொல்கிறது, முன்னால் போனவரின் தகவல் இந்தக் கடையைச் சொல்லியிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது ஊர் அபிப்பிராயம், அது 51. அவரும் முதற்கடைக்குள் போகிறார். மூன்றாமவருக்கு முன்னால் இரண்டு பேர் போயிருக்கிறார்கள். ஆனால் இரண்டாமவர் எந்தத் தகவலோடு வந்திருந்தாலும் அங்கேதான் போயிருப்பார். அவர் போனதிலிருந்து புதிதாக எதுவும் தெரியவில்லை. ஆகவே மூன்றாமவரும் இரண்டாமவரின் நிலையில்தான் இருக்கிறார். இப்படியே நூறு பேரும் முதற்கடையில் முண்டியடிக்க, 99 பேருக்கு நல்லதென்று தெரிந்த கடை ஈயோட்டுகிறது. யாரும் முட்டாள்தனமாக நடக்கவில்லை. ஒவ்வொருவரும் புத்தியோடு யோசித்தே அந்த முடிவுக்கு வந்தார்கள்.

ஒரு வருடம் முன்னதாக, 1991இல், பெக்கர் தான் கண்ட ஒரு காட்சியை எழுதியிருந்தார். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் ஒரு கடலுணவுக் கடையில் எப்போதும் வரிசை. தெருவின் எதிர்ப்பக்கத்தில், ஏறக்குறைய அதே தரத்தில் சாப்பாடு கொடுக்கும் இன்னொரு கடலுணவுக் கடையில் நாற்காலிகள் காலி. வரிசை நிற்கும் கடை ஏன் விலையை உயர்த்தவில்லை என்பது அவர் கேள்வி. வரிசையே மக்களை இழுக்கிறது, விலையைக் கூட்டினால் வரிசை கலையும், வரிசை கலைந்தால் கூட்டமே மறுபக்கம் போய்விடும் என்பது அவர் தந்த விளக்கம்.

இந்தப் பாடத்தோடு நம் கரையோரத்துக்கு வருவோம். கொழும்புக்குப் போகும் இரவு பஸ் ஒரு கடையின் முன் நிற்கிறது. ஐம்பது பேர் இறங்கிச் சாப்பிடுகிறார்கள். கடை நிரம்பி வழிகிறது. ஆனால் அங்கே விழுந்திருப்பது ஒரே வாக்கு, அது சாரதியின் வாக்கு. அவர் அந்தக் கடையைத் தெரிவு செய்ததற்கு ருசி ஒரு காரணமாக இருக்கலாம். வாகனம் நிறுத்த வசதி, கழிவறை, தனக்குக் கிடைக்கும் இலவசச் சாப்பாடு இவையும் காரணங்களாக இருக்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கடையில் சேரும் கூட்டமும் அப்படித்தான். அது அந்தக் கடை எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது.

இதற்கு மாறாக, தலைக்கவசத்தோடு வந்து நாலு பார்சல் கட்டிக்கொண்டு போகும் மோட்டார் சைக்கிள்காரர்கள், கச்சேரி ஊழியர், ஆஸ்பத்திரித் தாதி, ஐஸ் பெட்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்த மீன் வியாபாரி என்று வெவ்வேறு திக்கிலிருந்து வெவ்வேறு நேரத்தில் பத்துப் பேர் வந்தால் அது பத்து வாக்கு. ஒருவரை ஒருவர் பார்த்து அவர்கள் வரவில்லை. நேற்றும் சாப்பிட்டிருக்கிறார்கள், நாளையும் வருவார்கள். கூட்டத்தின் தலைகளை எண்ணுவதைவிட, அதற்குள் எத்தனை தனித்தனி முடிவுகள் இருக்கின்றன என்று எண்ணுவது பயன் தரும்.

தேனீயின் ஒழுக்கம்

பானர்ஜியின் நூறு பேரும் விழுந்த குழியில் தேனீக்கள் விழுவதில்லை. பூ இருக்கும் இடத்தைக் கண்டுவந்த தேனீ கூட்டுக்குள் ஆடும் ஆட்டத்தின் பொருளைக் கண்டுபிடித்ததற்காகக் கார்ல் வொன் ஃப்ரிஷ் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆட்டத்தின் கோணம் சூரியனை வைத்துத் திசையைச் சொல்லும். உடலை ஆட்டிக்கொண்டு ஓடும் நேரம் தூரத்தைச் சொல்லும். பூந்தோட்டம் எவ்வளவு வளமானதோ அவ்வளவு அதிகச் சுற்றுகள் ஆடும்.

கோர்னல் பல்கலைக்கழகத்தின் தொமஸ் சீலி பல்லாண்டுகள் தேனீக்களோடு கழித்து, புதிய கூடு தேடும் போது அவை எப்படி முடிவெடுக்கின்றன என்று பார்த்தார். ஒரு வேவுத் தேனீயின் ஆட்டத்தைக் கண்ட இன்னொரு தேனீ உடனே அதையே ஆடிப் பரப்புவதில்லை. முதலில் பறந்து போய் அந்தப் பொந்தைத் தானே சுற்றிப் பார்க்கிறது. பிடித்தால் மட்டும் திரும்பி வந்து தானும் ஆடுகிறது, பிடித்த அளவுக்கு ஆடுகிறது. சுமாரான இடத்துக்கு ஆடுபவை சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஆகவே பொய்யான புகழ் பெருகுவதற்குள் வற்றிவிடுகிறது. எங்கே போவது என்பதைத் தேனீ கடன் வாங்குகிறது. அது நல்லதா என்ற தீர்ப்பை ஒருபோதும் கடன் வாங்குவதில்லை.

கைத்தொலைபேசி வரைபடத்தில் கடைகளுக்குக் கிடைக்கும் நட்சத்திரங்களுக்கும் இதே அளவுகோல்தான். 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வில், ஓர் இணையத் தளத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளில் சிலவற்றுக்கு ஆய்வாளர்களே ஆரம்பத்தில் ஒரு செயற்கையான ஆதரவு வாக்கைப் போட்டார்கள். அந்த ஒற்றை வாக்கின் தள்ளலில் கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியது. முன்னால் விழுந்த நட்சத்திரத்தைப் பார்த்தே பின்னால் வருபவர் நட்சத்திரம் போடுகிறார்.

சின்ன ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கடைக்கு மூன்றே பேர் எழுதியிருப்பார்கள், மூவரும் நன்று என்பார்கள். இன்னொன்றுக்கு 200 பேர் எழுதி 180 பேர் நன்று என்பார்கள். முதலாவது நூற்றுக்கு நூறு, இரண்டாவது நூற்றுக்குத் தொண்ணூறு. எது மேல்? பிரெஞ்சுக் கணித மேதை லாப்பிலாஸ் தந்த எளிய வழி ஒன்று இருக்கிறது. நன்று என்றவர்களோடு 1 கூட்டி, மொத்தத்தோடு 2 கூட்டி வகுக்க வேண்டும். முதற்கடைக்கு 4/5, அதாவது 80 சதவீதம். இரண்டாவதற்கு 181/202, ஏறக்குறைய 90 சதவீதம். தெரியாத கடைக்கு முன்கூட்டியே ஒரு நல்ல வாக்கும் ஒரு கெட்ட வாக்கும் கொடுத்து வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரின் புகழ்ச்சி அதற்குமேல் அதிக தூரம் ஏற முடியாது.

நட்சத்திரம் இல்லாவிட்டால் வாய் இருக்கிறது. முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் நிற்பவரிடம் ‘இங்க நல்ல கடை எது?’ என்று கேட்டால் விருந்தாளிக்கு ஏற்றதென்று அவர் நினைக்கும் கடையைச் சொல்வார். பளபளக்கும் பலகையும் குளிரூட்டியும் உள்ள கடையாக இருக்கும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். ‘காக்கா, நீங்க பகல் சாப்பாட்டுக்கு எங்க போவீங்க?’ இப்போது பதில் வேறாக வரும். ‘நாங்களா தம்பி? நாங்க அந்தச் சந்துக்குள்ள ஒரு கடை, அங்கதான்.’ ஒருவரது விருப்பத்தை அவர் சொல்லிலன்றிச் செலவில் தேடு என்று போல் சாமுவெல்சன் 1938இல் பொருளியலுக்குக் கற்றுக்கொடுத்தார். சந்துக்குள் இருக்கும் கடைக்கு அந்த மனிதர் சொந்தக் காசை நாள்தோறும் கொடுக்கிறார். அவர் பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்த தேனீ.

எல்லாரும் ஒரே கடைக்குப் போனால்

சரி, நல்ல கடை எதுவென்று ஊருக்கே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிரச்சினை தீர்ந்ததா? ஒன்றரை மணிக்குப் போய் ‘மீன் முடிஞ்சிட்டு’ என்ற பதிலை வாங்கியவர்களுக்குத் தெரியும், தீரவில்லை.

கொல்கத்தாவில் ஒரு காலத்தில் ‘பைசா ஹோட்டல்’ என்று மலிவுச் சாப்பாட்டுக் கடைகள் இருந்தன. கூலித் தொழிலாளர்கள் மதிய இடைவேளையில் அங்கே ஓடுவார்கள். ஒரு கடையில் தீர்ந்துவிட்டால் அடுத்த கடைக்குப் போய்ச் சாப்பிட நேரம் இருக்காது, அன்று பட்டினிதான். அந்நகரத்தின் சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த பிகாஸ் சக்ரபர்த்தியும் சகாக்களும் 2009இல் இதை ஒரு கணிதப் புதிராக ஆக்கி, கொல்கத்தா பைசா உணவகப் புதிர் என்று பெயரிட்டார்கள்.

ஆயிரம் பேர், ஆயிரம் கடை, ஒரு கடைக்கு ஒருவருக்கு மட்டுமே சாப்பாடு. யாரும் யாரோடும் பேசாமல் மனம்போன கடைக்குப் போகிறார்கள். எத்தனை பேர் சாப்பிடுவார்கள்? ஏறக்குறைய 632 பேர். மீதி 368 கடைகளில் சமைத்த சோறு அப்படியே கிடக்க, 368 பேர் பட்டினி கிடப்பார்கள். தலைக்கொரு கடை இருந்தும் இந்தக் கதி. எல்லாரும் மிகச் சிறந்த கடை என்று கேள்விப்பட்ட ஒன்றுக்கே ஓடினால் இன்னும் மோசம், ஒருவருக்குத்தான் சோறு. நேற்று எங்கே நெரிசல் இருந்தது என்று நினைவில் வைத்து அதைக் கொஞ்சம் தவிர்ப்பவர்களாக எல்லாரும் இருந்தால் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் சாப்பிட்டுவிடுகிறார்கள். யாராவது முறைவைத்து இன்னாருக்கு இன்ன கடை என்று ஒதுக்கிக்கொடுத்தால் நூறு சதவீதம்.

அந்த நூறு சதவீதத் தீர்வை நம் ஊர்கள் வேறொரு வடிவில் நடத்திக்கொண்டிருக்கின்றன. றமழான் மாதத்துப் பிற்பகலில் ஒவ்வொரு பள்ளிவாசலிலும் நோன்புக் கஞ்சி காய்ச்சி, அந்தந்த மஹல்லாவின் வீடுகளுக்குப் பங்கிடுவார்கள். எந்தப் பள்ளிக் கஞ்சி ருசி என்று சிறுவர்களிடையே வாக்குவாதம் இருக்கும். ஆனால் பாத்திரத்தோடு எங்கே போய் நிற்பது என்பதில் குழப்பம் இல்லை. தெரிவைக் கையிலிருந்து எடுத்துவிட்டதால் யாருக்கும் இல்லாமல் போவதில்லை. கல்யாண வீட்டில் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார வைக்கும் சகன் சாப்பாட்டிலும் அப்படியே. றமழானில் பகல் வேளையில் இவ்வூர்களின் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதையும் வெளியூர்க்காரர் நினைவில் வைப்பது நல்லது.

கடைகளுக்குப் போகிறவர்களுக்குக் கொல்கத்தாக் கணக்கு தரும் யோசனை எளியது. ஊரறிந்த கடைக்குப் போவதென்றால் ஊருக்கு முன்னால் போக வேண்டும். பகல் பன்னிரண்டே முக்காலுக்குப் போனால் அறக்குளா மீன் துண்டு கிடைக்கும். இரண்டு மணிக்கு ஆணமும் பருப்பும்தான் மிஞ்சும். பிந்திவிட்டால் இரண்டாவது கடைக்குப் போவதே கெட்டித்தனம்.

கண்ணாடி அலுமாரிக்குள் எத்தனை மணி?

ருசியை நாக்கு அறியும், கூட்டமும் ஓரளவு அறியும். இரண்டுக்கும் எட்டாத ஒன்று உண்டு.

தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்ததும், கேட்காமலே ஒரு தட்டு வரும். ரோல்ஸ், பெட்டிஸ், சமோசா, கட்லட் எல்லாம் அதில் அடுக்கியிருக்கும். எடுத்ததற்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். மிஞ்சியது அலுமாரிக்கோ அடுத்த மேசைக்கோ போகும். நம்பிக்கையின் மேல் நடக்கும் அழகான ஏற்பாடு. ஆனால் நம் கைக்கு வந்த ரோல்ஸ் எப்போது பொரித்தது?

இதைக் கடைக்காரரிடம் கேட்காமலே கணக்கிட ஒரு வழி உண்டு. ஜோன் லிட்டில் என்பவர் 1961இல் நிறுவிய விதி அது. ஓர் இடத்தில் சராசரியாக இருக்கும் பொருட்களின் எண்ணிக்கையை, ஒரு மணிக்கு வெளியேறும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒவ்வொன்றும் சராசரியாக அங்கே காத்திருக்கும் நேரம் கிடைக்கும். அலுமாரியில் எப்போதும் 60 ரோல்ஸ் இருந்து, மணிக்கு 15 விற்றால் சராசரிக் காத்திருப்பு 4 மணி நேரம். பக்கத்துக் கடையில் 100 ரோல்ஸ் குவிந்திருந்தாலும் மணிக்கு 100 போகுமானால் ஒரு மணி நேரம்தான். குவியலின் உயரத்தைப் பார்த்து முடிவெடுப்பவர் ஏமாறுவார். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் எத்தனை விற்கிறது என்று பார்த்தாலே விடை பாதி வந்துவிடும்.

காத்திருப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? சமைத்த உணவு 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இருக்கும் நேரமே கிருமிகளின் விளைச்சல் காலம். கரையோரத்தின் பகல் வெப்பம் அதற்கு நடுவில் இருக்கிறது. சோற்றில் ஒரு தனிச் சிக்கல். பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துகள் அரிசியில் இருக்கும், கொதியிலும் சாகா. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும். பிறகு அந்தச் சோற்றை எவ்வளவு சூட்டில் வதக்கி ஃப்ரைட் ரைஸ் ஆக்கினாலும் நஞ்சு அழியாது. 121 பாகையில் ஒன்றரை மணி நேரம் சூடாக்கியும் அது தாக்குப்பிடித்திருக்கிறது. சாப்பிட்டு அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும்.

மீனில் இன்னொரு கதை. சூரை, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு அரிக்கும். மீனே ஒவ்வாமை என்று பலரும் நினைத்துக்கொள்வார்கள். இந்த ஹிஸ்டமினும் சமைத்தால் அழியாது. எனவே மீன் கறி விடயத்தில் சமையற்காரரின் கைப்பக்குவத்துக்கு முன்னால் கரையிலிருந்து சட்டிக்கு வந்த தூரம் நிற்கிறது. கரைவலை இழுக்கும் ஊர்களில் அந்தத் தூரம் மிகக் குறைவு. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் காலையில் பட்ட மீன் பகலில் கறியாகும். மாரியில் கடல் கொந்தளிக்கும்போது அதே கடைக்கு மீன் எங்கிருந்தோ, எத்தனை நாள் ஐஸிலோ வரவேண்டியிருக்கும். ஒரு கடை வருடம் முழுவதும் ஒரே கடையாக இருப்பதில்லை.

மறுபுறத்தில், பயப்படத் தேவையற்றவையும் இருக்கின்றன. கொதிநீரில் போட்ட பிளேன்டீ. தட்டிலிருந்து நேரே வரும் ரொட்டி. சட்டியில் உறைந்த எருமைத் தயிர்: அதன் புளிப்பு பெரும்பாலான நோய்க்கிருமிகளைப் பெருக விடாது, மண்சட்டி நீரைக் கசியவிட்டுத் தயிரை இறுக்கி, குளிர்த்தியாகவும் வைக்கும். பசும்பாலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கொழுப்பு எருமைப்பாலில் இருப்பதால்தான் அந்தத் திண்மை.

நஞ்சின் தாமதம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். இரவு வாந்தி எடுப்பவர் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத் திட்டுவார், குற்றம் அதற்கு முந்தியதாக இருக்கலாம். இதனால் கூட்டத்தின் அறிவு இந்த இடத்தில் செல்லாது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடைகளுக்குள் போய்ப் பார்ப்பது இதற்காகத்தான். நாக்குக்கும் கூட்டத்துக்கும் தெரியாததை வெப்பமானியும் ஆய்வுகூடமும்தான் சொல்ல முடியும்.

இன்னும் எத்தனை வேளை?

இனி மீந்திருப்பது சொந்த நாக்கின் செலவு. நேற்றுச் சாப்பிட்ட கடை நன்றாக இருந்தது. இன்றும் அங்கேயா, புதிதாக ஒன்றா?

ஃபைன்மனுக்கு இந்தத் தடுமாற்றம் 1970களில் ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையில் வந்தது. நண்பர் ரால்ஃப் லெய்ட்டன் கூட இருந்தார். பிடித்த உணவையே மறுபடி சொல்வதா, புதியதைப் பரீட்சிப்பதா என்ற கேள்வியை ஃபைன்மன் கணக்காக மாற்றினார். அதன் எளிய வடிவம் இது. கடைகளின் தரம் 0 முதல் 100 வரை எங்கும் சமமாகப் பரவியிருக்கிறது என்று கொள்வோம். இதுவரை கண்டதில் சிறந்த கடைக்கு ஒரு மதிப்பெண் இருக்கிறது. அதைப் போதும் என்று ஏற்பதற்கான எல்லை, இன்னும் எத்தனை வேளை இந்த ஊரில் சாப்பிடுவோம் என்பதை மட்டுமே பொறுத்தது. மிச்சமுள்ள வேளைகளின் வர்க்கமூலத்தை எடுத்து, அதை அதனோடு ஒன்று கூட்டிய தொகையால் வகுத்தால் எல்லை வந்துவிடும்.

9 வேளை மிச்சம் இருந்தால் வர்க்கமூலம் 3. எனவே 3/4, அதாவது 75. உங்கள் சிறந்த கடை 75க்குக் கீழே என்றால் புதியது தேடுங்கள். 4 வேளை என்றால் 2/3, ஏறக்குறைய 67. கடைசி வேளைக்கு 1/2, அதாவது 50. பொறுத்துக்கொள்ளக் கூடிய கடை ஒன்று கையில் இருந்தாலே கடைசி வேளைக்கு அதுவே சரி. காரணம் தெளிவானது. புதிய கடையில் கிடைக்கும் தகவலுக்கு, அதைப் பயன்படுத்த இன்னும் வேளைகள் இருந்தால்தான் பெறுமதி. பஸ் ஏறுமுன் சாப்பிடும் சாப்பாட்டில் ஓர் அருமையான கடையைக் கண்டுபிடித்து என்ன பயன்?

இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் வேறு சிலவும் விளங்குகின்றன. வந்த முதல் நாளிலேயே ஒரு கடை பிடித்துப்போய், வாரம் முழுவதும் அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் நட்டப்படுகிறார். கடைசி நாளில் ஊர் சுற்றிப் புதுக் கடை தேடுகிறவரும் நட்டப்படுகிறார். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் சேர்ந்த மாணவருக்கு முன்னால் நூற்றுக்கணக்கான வேளைகள் இருக்கின்றன, அவர் 90க்குக் குறைந்த எதிலும் திருப்திப்படக் கூடாது. முப்பது வருடமாக ஒரே கடையில் பராட்டா சாப்பிடும் பெரியவரைப் பார்த்து, பாவம் புதிதாக எதுவும் தெரியாதவர் என்று நினைக்க வேண்டியதில்லை. அவர் தேடி முடித்தவர்.

ஆனால் ஃபைன்மனின் கணக்கில் சாப்பிடுபவர் ஒற்றையாள். கண்டுபிடித்தது அவரோடு முடிந்துவிடுகிறது. உண்மையில் அப்படி இல்லை. கடைசி வேளையில் நீங்கள் பரீட்சித்த கடை உங்களுக்கு இனி உதவாது, நாளை அதே பஸ்ஸில் வந்து இறங்கப்போகிறவருக்கு உதவும். அவருடைய வேளைகளையும் சேர்த்து எண்ணினால் எல்லை மறுபடி உயர்ந்துவிடுகிறது, புதிய கடைக்குள் நுழைவது நியாயமாகிவிடுகிறது. தேனீக் கூட்டில் வேவு பார்க்கும் சிலவற்றின் உழைப்பில்தான் மற்றவை வாழ்கின்றன.

அதற்கு ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. கல்முனையில் எங்கே சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால், நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட கடையை, சாப்பிட்ட உணவை, சாப்பிட்ட நேரத்தைச் சொல்லுங்கள். நல்லதென்று கேள்விப்பட்டதை மட்டும் சொல்லாதீர்கள். பானர்ஜியின் தெருவில் 99 பேரைத் தவறான கடைக்குள் அனுப்பியது, ருசித்துப் பாராத ஒரே ஒரு தகவல்தான்.